குண்டின் எடை ரிவால்வரை எங்கே தேய்க்கிறது: பார்க்க வேண்டிய இடங்களும் அளக்கும் முறையும்

"எனக்கு 125 கிரெய்ன் நல்லதா, 158 கிரெய்ன் நல்லதா, எது துப்பாக்கியைக் குறைவாகத் தேய்க்கும்?" .357 மேக்னம் ரிவால்வர் வாங்கிய ஒவ்வொருவரும் கேட்கும் கேள்வி இது. எடை குறைந்த குண்டும் ரிவால்வரைத் தேய்க்கும், எடை கூடிய குண்டும் தேய்க்கும். ஆனால் இரண்டும் தேய்க்கும் இடம் வேறு. லேசான குண்டு பேரலின் வாயைத் தின்னும். கனத்த குண்டு சிலிண்டரைத் தாங்கும் பாகங்களையும் பூட்டையும் தளர்த்தும். எந்த எடையைச் சுடுகிறோம் என்று தெரிந்தால் எந்த இடத்தைக் கவனிக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

முதலில் இரண்டு சொற்கள். பித்தளைக் கூடு, பிரைமர் (ஹேமர் அடித்ததும் தீப்பொறி தரும் சிறு மூடி), மருந்து, முனை எல்லாம் சேர்ந்த முழுப் பொருளைத் தோட்டா என்றும், பேரலுக்குள் பறந்து போகும் முனையை மட்டும் குண்டு என்றும் இங்கே சொல்கிறோம். குண்டின் எடை கிரெய்ன் கணக்கில் வரும். ஒரு கிரெய்ன் 0.0648 கிராம். ஆக 125 கிரெய்ன் 8.1 கிராம், 158 கிரெய்ன் 10.2 கிராம், .44 மேக்னத்தில் வழக்கமான 240 கிரெய்ன் 15.6 கிராம், 300 கிரெய்ன் 19.4 கிராம்.

லேசான குண்டும் ஃபோர்சிங் கோனும்

ரிவால்வரில் குண்டு ஒரு தாண்டு தாண்ட வேண்டியிருக்கிறது. சிலிண்டரின் அறையை விட்டு வெளியேறி, மெல்லிய ஓர் இடைவெளியைக் கடந்து, பேரலின் பின்வாய்க்குள் நுழைய வேண்டும். அந்தப் பின்வாயைப் புனல் போலச் சரிவாகக் கடைந்திருப்பார்கள். அதுதான் ஃபோர்சிங் கோன். சுடும்போது மிக மோசமான வெப்பமும் அடியும் விழும் இடம் இதுதான்.

.357 மேக்னம் 1935இல் வந்தபோது அதற்கான குண்டு 158 கிரெய்ன். பிற்காலத்தில் வேகத்துக்காக 125, 110 கிரெய்ன் என்று குறைத்தார்கள். எடை குறைந்தால் அதே அழுத்த வரம்புக்குள் மருந்தை அதிகமாகப் போடலாம். எனவே எரியும் வாயுவும், இன்னும் எரிந்து முடியாத மருந்துத் துகள்களும் ஒவ்வொரு முறையும் கூடுதலாகக் கோனுக்குள் பாயும். இரும்பின் மேல் மணல் வீசித் துரு நீக்குவார்களே, அதே வேலைதான் அங்கே நடக்கிறது. கூடவே பழுக்கச் சூடான வாயுவும் சேர்ந்துகொள்கிறது. இரண்டாவது காரணம் குண்டின் நீளம். 158 கிரெய்ன் குண்டு நீளமானது. அதன் அடிப்பகுதி சிலிண்டரை விட்டு வருவதற்குள் முன்பகுதி பேரலின் உட்சுவரில் வெட்டியிருக்கும் வரிகளைப் பிடித்து வழியை அடைத்துக்கொள்ளும். குட்டையான 125 கிரெய்ன் அந்த அளவுக்கு அடைக்காது. அடைபடாத வழியில் வாயு முந்திக்கொண்டு கோனை நக்கிவிட்டுப் போகும்.

இதற்கு எல்லாரும் சுட்டிக்காட்டும் துப்பாக்கி ஸ்மித் & வெஸன் மாடல் 19. அமெரிக்க எல்லைக் காவல் படையின் பில் ஜோர்டன் கேட்டு வாங்கிய வடிவம், 1955இல் வெளிவந்தது. தூக்கிச் சுமக்க எளிதான நடுத்தர அளவு கே-ஃபிரேமில் .357 சுடலாம் என்பதுதான் அதன் பெருமை. பயிற்சிக்கு அதே துப்பாக்கியில் சுடக்கூடிய, அழுத்தம் குறைந்த .38 ஸ்பெஷல், பணிக்கு .357 என்பது அன்றைய வழக்கம். 1970களில் காவல் துறைகள் பணித் தோட்டாவிலேயே பயிற்சியும் செய்யத் தொடங்கின. அந்தத் தோட்டாவும் 125 கிரெய்னுக்கு மாறியபோது கோன்கள் வெடிப்பு விடத் தொடங்கின.

வெடிப்பு ஏன் அந்த ஒரே இடத்தில் வருகிறது என்பதைத் துப்பாக்கியைக் கையில் எடுத்துப் பார்த்தாலே புரியும். சிலிண்டரைத் திறந்து, பேரலின் பின்முனையைக் கீழிருந்து பாருங்கள். வட்டமாக இருக்க வேண்டிய உலோகம் கடிகாரத்தில் 6 மணி இருக்கும் இடத்தில் தட்டையாக அரத்தில் ராவியது போலிருக்கும். கே-ஃபிரேமில் இடம் போதாததால், சிலிண்டரைத் தாங்கும் க்ரேன் மூடும்போது இடிக்காமல் இருக்க அங்கே உலோகத்தைச் செதுக்கியிருக்கிறார்கள். சுவர் மிக மெலிந்த இடம் அதுவே. வெடிப்பும் பெரும்பாலும் அங்கேதான் விழும். வெடித்தால் பேரலையே மாற்ற வேண்டும். பழைய மாடல்களுக்குப் புதுப் பேரல் கிடைப்பது குதிரைக் கொம்பு.

இந்தச் சிக்கலுக்கு விடையாகத்தான் சற்றே பெரிய எல்-ஃபிரேம் 1980களின் தொடக்கத்தில் வந்தது. 586, 686 அந்த வகை. அவற்றில் அந்தத் தட்டை வெட்டு இல்லை, கோன் சுற்றிலும் தடித்தது. ரூகரின் ஜிபி100 (1985) இதே அளவில், இன்னும் கனத்த பேரல் வாயோடு வந்தது. 2014இல் திரும்ப வந்த மாடல் 66 கே-ஃபிரேம்தான் என்றாலும் அதன் பேரல் அமைப்பு மாறிவிட்டது, கீழ்ப்புற வெட்டு போய்விட்டது. ஆகவே "கே-ஃபிரேம் என்றால் 125 கூடாது" என்று மொத்தமாகச் சொல்வது சரியல்ல. பழைய 13, 19, 65, 66 வைத்திருப்பவர்களுக்குத்தான் அந்த எச்சரிக்கை. அவர்களுக்கு அது முழு உண்மை.

கோனைப் பார்க்கும் முறை

எந்தச் சோதனைக்கும் முன் சிலிண்டரைத் திறந்து ஒவ்வோர் அறையையும் கண்ணால் பார்த்து, விரல் நுனியாலும் தொட்டு வெறுமை என்று உறுதி செய்யுங்கள். தோட்டாக்கள் வீட்டின் வேறோர் அறையில் இருக்கட்டும்.

நன்றாகச் சுத்தம் செய்யாமல் கோனைப் பார்த்துப் பயனில்லை. ஈயமும் கரியும் வெடிப்பை மூடியிருக்கும், சில நேரம் வெடிப்பு போலவே தோன்றவும் செய்யும். கரைப்பானை ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட்டு, வெண்கல பிரஷால் பின்வாயைச் சுற்றித் தேய்த்து, துணியால் துடையுங்கள். சட்டத்தின் (ஃபிரேமின்) ஜன்னலுக்குள், அதாவது சிலிண்டர் உட்காரும் திறப்புக்குள், ஒரு சிறு வெள்ளைத் தாளைச் சாய்வாக வைத்து அதன் மேல் டார்ச் அடித்தால் வெளிச்சம் திரும்பிக் கோனுக்குள் விழும். நேரடி வெளிச்சம் கண்ணைக் கூசச் செய்யும், தாளில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தில்தான் நுண்ணிய கோடுகள் தெரியும். நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் 10 மடங்கு லென்ஸ் இருந்தால் நல்லது.

வறண்ட குளத்தின் மண் போல மெல்லிய வலைக் கோடுகள் தெரிந்தால் அது வெப்ப அரிப்பு. பல ஆண்டு மேக்னம் சுட்ட துப்பாக்கியில் இயல்பு. அதற்காகப் பயப்பட வேண்டாம், புகைப்படம் எடுத்து வைத்து அடுத்த முறை ஒப்பிடுங்கள். கோனின் விளிம்பு கூர்மை போய்க் கடித்தது போலிருந்தால் அரிப்பு முற்றியிருக்கிறது. விளிம்பிலிருந்து பேரலின் நீளவாக்கில் ஓடும் ஒற்றைக் கோடு, அதுவும் 6 மணியில், வெடிப்பு. நகத்தை வைத்து இழுத்தால் தடுக்கும். அப்படித் தெரிந்தால் அந்தத் துப்பாக்கியில் .38கூடச் சுடாதீர்கள், நேராகத் துப்பாக்கி பழுதுபார்க்கும் கன்ஸ்மித்திடம் கொண்டு போங்கள்.

பேரலுக்கு மேலே, சிலிண்டர் இடைவெளிக்கு நேராகச் சட்டத்தின் உட்புறத்தில் ஒரு மெல்லிய பள்ளம் விழுந்திருப்பதைப் பார்த்துப் பலர் திடுக்கிடுகிறார்கள். வாயு அறுத்த கோடு அது. ஓரளவு ஆழம் போனதும் தானே நின்றுவிடும். எஃகுச் சட்டத்தில் அதை விட்டுவிடலாம்.

கனத்த குண்டும் சிலிண்டர் ஆட்டமும்

இப்போது மறுபக்கம். குண்டின் எடையை அதன் வேகத்தோடு பெருக்கினால் வருவதுதான் துப்பாக்கியைப் பின்னோக்கித் தள்ளும் உந்தம். .44 மேக்னத்தில் 240 கிரெய்ன் குண்டு நொடிக்கு 410 மீட்டர் போனால் உந்தம் சுமார் 6.4, 300 கிரெய்ன் நொடிக்கு 370 மீட்டர் போனால் 7.2 (கிலோகிராம்-மீட்டர்/நொடி). வேகம் குறைந்தும் உதைப்பு கூடுகிறது. .357இல் 125 கிரெய்னுக்கும் 158 கிரெய்னுக்கும் உள்ள வேறுபாடு இதைவிடச் சிறிது, 3.6க்கு 3.9. எனவே .357இல் கனத்த குண்டுக்காக அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. .44, .45 கோல்ட், .454 ஆகியவற்றில்தான் இது பெரிய விஷயம்.

சுட்ட நொடியில் சட்டம் பின்னோக்கிப் பாய்கிறது. சிலிண்டர் தனிப் பாகம், தன் எடையால் நின்ற இடத்திலேயே நிற்கப் பார்க்கும். பேருந்து சட்டென்று கிளம்பினால் நிற்பவர் பின்னால் சாய்வதைப் போல, சட்டத்தைப் பொறுத்தவரை சிலிண்டர் முன்னோக்கிப் போய் க்ரேனின் குழல் முனையில் இடிக்கிறது. ஓர் அடி ஒன்றும் செய்யாது. பல்லாயிரம் அடி விழுந்தால் அந்தக் குழல் முனை தட்டையாகி, சிலிண்டருக்கு முன்னும் பின்னுமாக ஆட்டம் கிடைக்கும். கன்ஸ்மித்துகள் இதை எண்ட் ஷேக் என்பார்கள். ஆட்டம் வந்ததும் இடிக்கும் தூரமும் கூடுகிறது. தூரம் கூடினால் அடியும் பலமாகும். அதனால் முதலில் மெதுவாக வரும் ஆட்டம் பிறகு வேகம் பிடிக்கும். சிறியதாக இருக்கும்போதே கண்டுபிடிக்க வேண்டும் என்று வற்புறுத்துவது இதனால்தான்.

ஸ்மித் & வெஸன் மாடல் 29இல் இன்னொன்றும் நடந்தது. உலோக உருவங்களைச் சுட்டு வீழ்த்தும் சில்ஹவுட் போட்டிகள் 1970களின் பிற்பாதியில் பரவியபோது, போட்டியாளர்கள் ஆண்டு முழுவதும் கனத்த குண்டுகளைச் சுட்டார்கள். பலத்த உதைப்பில் சிலிண்டரைப் பிடிக்கும் சிறு பல் பள்ளத்திலிருந்து நழுவி, சிலிண்டர் பின்னோக்கிச் சுழன்றது. அடுத்து விசையை இழுத்தால் சுட்ட அறையே மீண்டும் ஹேமருக்கு முன் வந்து நிற்கும். நிறுவனம் 1980களின் இறுதியில் சிலிண்டர் பள்ளங்களை நீளமாக்கி, க்ரேன் பிடிப்பையும் பலப்படுத்தியது. அதற்கு முந்தைய 29 உங்களிடம் இருந்தால் 240 கிரெய்னோடு நிறுத்திக்கொள்வது அந்தத் துப்பாக்கிக்குச் செய்யும் மரியாதை. 300 கிரெய்ன் வேண்டுமென்றால் ரூகர் ரெட்ஹாக், சூப்பர் ரெட்ஹாக், சூப்பர் பிளாக்ஹாக் இருக்கின்றன, அவற்றின் சட்டமே அதற்கானது. .45 கோல்ட்டில் "ரூகருக்கு மட்டும்" என்று பெட்டியில் எழுதியிருக்கும் கனத்த தோட்டாக்களை வேறு துப்பாக்கியில் போடவே கூடாது. அது தேய்மானத்தோடு நிற்காது, சிலிண்டரே பிளக்கும்.

எண்ட் ஷேக்கை அளப்பது

மோட்டார் சைக்கிளில் டாப்பெட் இடைவெளி பார்த்தவர்களுக்கு இது கைவந்த வேலை. அதே ஃபீலர் கேஜ்தான் கருவி. தகடுகள் 0.0015 அல்லது 0.002 அங்குலத்திலிருந்து தொடங்கி, 0.001 அங்குலப் படிகளாக 0.012 வரை இருக்க வேண்டும்.

சுத்தம்தான் பாதி வேலை. சிலிண்டரின் முன்முகம், பேரலின் பின்முகம், கூடுகளை வெளியே தள்ளும் நட்சத்திரத் தகட்டின் அடிப்பக்கம் மூன்றையும் துடையுங்கள். நட்சத்திரத்தின் அடியில் எரியாத மருந்துத் துகள் ஒன்று சிக்கினாலே அளவு தவறாகிவிடும், சிலிண்டர் மூடவும் மறுக்கும்.

1. வெறும் சிலிண்டரை மூடி, ஹேமர் கீழே இருக்க, கட்டைவிரலால் சிலிண்டரைப் பின்னோக்கி அழுத்திப் பிடியுங்கள். பேரலுக்கும் சிலிண்டருக்கும் நடுவே தாராளமாக நுழையும் மிகத் தடித்த தகட்டைக் கண்டுபிடியுங்கள். இது பின்-அளவு.

2. இப்போது சிலிண்டரை முன்னோக்கித் தள்ளிப் பிடித்துக்கொண்டு மீண்டும் அளவெடுங்கள். இது முன்-அளவு. தகட்டைத் திணித்தால் அது ஆப்பு போலச் சிலிண்டரைப் பின்னே தள்ளிவிடும். பெரும்பாலானவர்கள் தவறுவது இங்கேதான். ஆட்டம் இருந்தும் இல்லாதது போலத் தெரியும். தகடு உரசியபடி, ஆனால் சிலிண்டரை நகர்த்தாமல் நுழைய வேண்டும்.

3. பின்-அளவில் முன்-அளவைக் கழியுங்கள். மிச்சம்தான் எண்ட் ஷேக்.

4. எல்லா அறைகளிலும் இதைச் செய்யுங்கள். சிலிண்டரின் முகம் எல்லாப் பக்கமும் ஒரே மட்டமாக இருப்பது அரிது.

எடுத்துக்காட்டாகப் பின்-அளவு 0.008, முன்-அளவு 0.003 அங்குலம் என்றால் ஆட்டம் 0.005. இது அதிகம். 0.001, 0.002 வரை (0.05 மி.மீ.) புதுத் துப்பாக்கியிலும் இருக்கும். 0.003 வந்தால் குறித்து வைத்துக் கவனியுங்கள். 0.004ஐத் தாண்டினால் கனத்த தோட்டாக்களை நிறுத்திவிட்டுச் சரிசெய்யுங்கள். பேரல் இடைவெளிக்கு நல்ல அளவு 0.004 முதல் 0.006 வரை (0.10–0.15 மி.மீ.). 0.010 வரை பிழைக்கலாம். 0.012ஐத் தாண்டினால் பக்கவாட்டில் வாயு வீச்சும் வேக இழப்பும் கூடும். முன்-அளவு 0.002க்குக் கீழே இறங்கினால் வேறு தொல்லை: சில ரவுண்டு சுட்டதும் வெப்பத்தில் விரிந்து, கரியும் சேர்ந்து சிலிண்டர் சுழலாமல் பிடித்துக்கொள்ளும்.

எண்ட் ஷேக் கூடினால் பிரைமரில் அடி லேசாக விழும். சிலிண்டர் முன்னால் போய் நிற்பதால் ஹேமரின் முனை பிரைமரை எட்டுவதில்லை, அல்லது பாதி பலத்தோடு எட்டுகிறது. ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்று நினைத்து ஸ்பிரிங்கை மாற்றுகிறார்கள், சிக்கல் மீண்டும் வருகிறது. மிஸ்ஃபயர் வந்தால் ஃபீலர் கேஜை முதலில் எடுங்கள்.

ஸ்மித் & வெஸனில் இதைச் சரிசெய்ய இரண்டு வழி. க்ரேன் குழலைக் கருவியால் மெல்ல நீட்டுவது ஒன்று. 0.002 அங்குலத் தடிமனில் விற்கும் வளையத் தகடுகளைச் சிலிண்டருக்குள் குழல் முனையில் போடுவது இன்னொன்று. தகடு போடுவது வீட்டிலேயே செய்யக்கூடியது, ஆனால் குழல் முனை சதுரமாக இல்லாவிட்டால் தகடு சீக்கிரம் நசுங்கும். எந்த வழியானாலும் சிலிண்டர் பின்னுக்குப் போய் நிற்கும், அதாவது உங்கள் பின்-அளவுதான் இனி நிரந்தர இடைவெளி. பின்-அளவு ஏற்கெனவே 0.012 என்றால் எண்ட் ஷேக்கைச் சரிசெய்த பிறகு பேரலையும் ஒரு திருகு உள்ளே இறக்க வேண்டிவரும். அது கன்ஸ்மித்தின் வேலை. முதலில் எண்ட் ஷேக், பிறகு பேரல். வரிசை மாறினால் இரண்டு முறை செலவு.

டைமிங்

ஒவ்வோர் அறையும் பேரலுக்கு நேராக வந்து பூட்டிக்கொண்ட பிறகே ஹேமர் விழ வேண்டும். இதைச் சோதிக்க அறைகளில் டம்மித் தோட்டாக்களையோ சுட்ட வெறும் கூடுகளையோ போட்டுக்கொள்ளுங்கள். காலி அறையோடு பார்த்தால் நட்சத்திரத் தகடு சற்றே ஆடி, நல்ல துப்பாக்கியும் கெட்டதாகத் தெரியும். சிலிண்டரின் மேல் ஒரு விரலை லேசாக வைத்துச் சிறிது இழுவை கொடுத்தபடி, ஹேமரை மிக மெதுவாகப் பின்னுக்கு இழுங்கள். ஹேமர் முழுதாக நிற்பதற்கு முன் "கிளிக்" என்று சிலிண்டர் பூட்டு விழ வேண்டும். ஹேமர் நின்ற பிறகு விரலால் தள்ளினால்தான் பூட்டு விழுகிறது என்றால் அந்த அறை பின்தங்குகிறது. ஒவ்வோர் அறையையும் இப்படிப் பாருங்கள், பின்தங்கும் அறைக்கு மார்க்கரால் புள்ளி வையுங்கள். பிறகு விசையை மட்டும் மெதுவாக இழுத்து மீண்டும் ஒரு சுற்று.

பின்தங்கினால் குண்டு கோனின் நடுவில் நுழையாமல் ஓரத்தில் உரசும். ஈயத்தையோ செம்பு உறையையோ சீவி, அந்தச் சிராய்களைப் பக்கத்தில் நிற்பவர்மேல் தெறிக்கும். ரேஞ்சில் அடுத்த மேடையில் இருப்பவர் கன்னத்தைத் தடவிக்கொண்டு உங்களைத் திரும்பிப் பார்த்தால் டைமிங்கைச் சோதிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

விசை முழுதாக இழுபட்ட நிலையில் சிலிண்டரைப் பக்கவாட்டில் ஆட்டினால் ஸ்மித் & வெஸனிலும் ரூகரிலும் நூலளவு ஆட்டம் இருக்கும், அது பழுதல்ல. பழைய கோல்ட் பைத்தானில் (1955 முதல் வந்தவை) ஆட்டமே இருக்கக் கூடாது. விசையை இழுக்க இழுக்க உள்ளிருக்கும் தள்ளுபல் சிலிண்டரை இறுக்கிப் பிடிக்கும் அமைப்பு அது. அந்த இறுக்கத்துக்கு விலை, அந்தப் பல் சீக்கிரம் தேய்வது. 2020இல் திரும்ப வந்த பைத்தானின் உள்ளமைப்பு வேறு, பழையதன் அளவுகோலை அதற்கு வைக்காதீர்கள்.

பூட்டு விழும் பள்ளங்களின் ஓரத்தையும் பாருங்கள். ஒரு பக்க விளிம்பு உருண்டு, உதடு போல மேலே எழும்பியிருந்தால் சிலிண்டர் வேகமாகச் சுழன்று அங்கே முட்டுகிறது. குண்டின் எடைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஹேமரைப் பட்டென்று இழுக்கும் பழக்கமும் மிக வேகமான விசை இழுப்பும்தான் காரணம். ஆறு அறைச் சிலிண்டர்கள் பலவற்றில் அந்தப் பள்ளம் அறையின் மிக மெல்லிய சுவருக்கு நேர் மேலே இருக்கிறது. ஐந்து, ஏழு அறைச் சிலிண்டர்களில் இரண்டு அறைகளுக்கு நடுவே தடித்த இடத்தில் விழும்.

எடை குறைந்த ரிவால்வர்கள்

ஸ்காண்டியம் சட்டமும் டைட்டானியம் சிலிண்டரும் கொண்ட ஸ்மித் & வெஸன் 340பிடி போன்றவை சுமார் 330 கிராம்தான். 686 ஒரு கிலோவைத் தாண்டும். அதே தோட்டாவைச் சுட்டால் சிறியது ஏறக்குறைய மூன்று மடங்கு வேகத்தில் கைக்குள் பாயும். இந்த வகையில் எடையின் இரு பக்கமும் ஒரே துப்பாக்கியில் சேர்ந்து கடிக்கின்றன.

120 கிரெய்னுக்குக் குறைந்த குண்டு கூடாது என்று அந்தத் துப்பாக்கியின் பேரலிலேயே பொறித்திருக்கிறார்கள். லேசான குண்டுக்குப் பின்னால் வரும் எரியும் மருந்து டைட்டானியத்தின் மேல்தோலை அரிக்கும். தோல் போனால் சிலிண்டர் வேகமாகக் கரையும். அதனால்தான் டைட்டானியம் சிலிண்டரை உராய்வுப் பசையாலும் கம்பித் துண்டாலும் பளபளப்பாக்கவே கூடாது. முன்முகத்துக் கருப்பு வளையங்கள் அப்படியே இருக்கட்டும்.

கனத்த குண்டிலோ வேறு ஆபத்து. துப்பாக்கி வெடுக்கென்று பின்னே பாயும்போது, இன்னும் சுடாத தோட்டாக்களின் கூடுகளும் கூடவே பின்னே போகின்றன. குண்டு தன் எடையால் நின்றுவிடுகிறது. கூட்டின் வாய் குண்டைக் கவ்விப் பிடிக்கும் மடிப்பு தளர்வாக இருந்தால் ஒவ்வொரு சூட்டுக்கும் குண்டு சிறிது சிறிதாக வெளியே வரும். மூக்கு சிலிண்டரைத் தாண்டி நீட்டினால் சட்டத்தில் தட்டி, சிலிண்டர் சுழலாமல் நின்றுவிடும். தற்காப்புத் துப்பாக்கிக்கு இதைவிடக் கேடு இல்லை.

இதற்கான சோதனை எளிது. ஒரு தோட்டாவின் முழு நீளத்தை டிஜிட்டல் காலிப்பரால் அளந்து, அடியில் மார்க்கரால் குறியிடுங்கள். சிலிண்டரை நிரப்பி, குறியிட்டது கடைசியாகச் சுடவேண்டிய அறையில் இருக்கும்படி வையுங்கள். மற்றவற்றைச் சுட்டபின் அதை எடுத்து மீண்டும் அளவுங்கள். அளவு மாறவில்லை என்றால் அதே தோட்டாவைத் திரும்பக் கடைசி அறையில் போட்டு இன்னொரு சுற்று. இரண்டு சுற்றிலும் நீளம் நின்றால் அந்தப் பெட்டியை நம்பலாம். நீளம் கூடி, மூக்கு சிலிண்டர் முகத்தை நெருங்குகிறது என்றால் அந்த வகைத் தோட்டா அந்தத் துப்பாக்கிக்கு வேண்டாம். உறையில்லாத ஈயக் குண்டுகள் இதில் முதலில் தோற்கும். சிலிண்டர் சிக்கிவிட்டால் கம்பியால் குத்தாதீர்கள், உள்ளே உயிருள்ள தோட்டா இருக்கிறது. முனையை இலக்கின் பக்கமே வைத்துக்கொண்டு ரேஞ்ச் அதிகாரியை அழையுங்கள்.

அலுமினியச் சட்டத்து ஏர்வெயிட் வகைகளில் இன்னோர் இடமும் உண்டு. க்ரேனைத் திறந்து, பேரல் திருகப்பட்டிருக்கும் துளைக்கு நேர் கீழே சட்டத்தைப் பாருங்கள். மயிரிழை போன்ற வெடிப்பு அங்கேதான் வரும். அலுமினியத்தில் அதைப் பற்றவைத்துப் பிழைக்க வழியில்லை. சட்டம் போனால் துப்பாக்கியே போனது.

எதை வாங்குவது

பழைய கே-ஃபிரேம் .357க்குப் பயிற்சியெல்லாம் 158 கிரெய்ன் .38 ஸ்பெஷலில் இருக்கட்டும். மேக்னம் வேண்டும்போது 140 அல்லது 158 கிரெய்ன். .38இன் அழுத்த உச்சம் 17,000 பிஎஸ்ஐ, .357இன் உச்சம் 35,000. துப்பாக்கியின் ஆயுளை நீட்ட இதைவிடப் பெரிய நெம்புகோல் இல்லை, குண்டின் எடையெல்லாம் இதற்குப் பிறகுதான். 686, ஜிபி100 வைத்திருப்பவர்கள் 125ஐத் தயங்காமல் சுடலாம், கோனை மட்டும் ஆண்டுக்கொருமுறை பாருங்கள். 180 கிரெய்னும் இவற்றில் பிரச்சினையில்லை. பழைய .44 மாடல் 29க்குப் பயிற்சிக்கு .44 ஸ்பெஷல், மேக்னத்துக்கு 240. சிறு ஸ்காண்டியம் துப்பாக்கிக்கு .38 +பி (சற்றே கூடிய அழுத்தம் கொண்ட .38), 125 முதல் 135 கிரெய்ன், உறையிட்ட குண்டு. கையும் தாங்கும், துப்பாக்கியும் தாங்கும்.

.38 ஸ்பெஷல் கூடு .357இன் கூட்டைவிட 3.4 மி.மீ. குட்டை. .38ஐ நிறையச் சுட்டால் அறைக்குள் அந்த இடத்தில் கரி வளையம் படியும். அதைத் தேய்த்து எடுக்காமல் .357 போட்டால் தோட்டா பாதியில் நிற்கும், அல்லது சுட்ட கூடு வெளியே வர மறுக்கும். பெரும்பாலும் "பிரஷர் அதிகம்" என்று தோட்டாவைக் குறை சொல்வார்கள், குற்றவாளி கரி. சுத்தம் செய்த பின் சோப்பும் குளிர்ந்த தண்ணீரும் கொண்டு கையைக் கழுவுங்கள். ஈயத் தூசி பட்ட கையோடு குழந்தைகளைத் தூக்காதீர்கள்.

சினிமாவில் செய்வது போலச் சிலிண்டரை ஒற்றைக் கையால் வீசி மூடினால் க்ரேன் வளையும். அந்த ஒரு வளைவு, ஆயிரம் கனத்த தோட்டாக்கள் செய்யும் கேட்டைவிடச் சீக்கிரம் டைமிங்கையும் இடைவெளியையும் கெடுக்கும். சிலிண்டர் திறக்க மறுத்தால் ஸ்மித் & வெஸனில் கூடு தள்ளும் கம்பி திருகு தளர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 1960களிலிருந்து அது இடது மரை, இறுக்க எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும்.

இந்தியாவில் உரிமத்தோடு கான்பூர் .32 ரிவால்வர் வைத்திருப்பவர்களுக்கு எடை விவாதமே தேவையில்லை. .32 எஸ்&டபிள்யூ லாங் தோட்டா 98 கிரெய்ன் ஈயக் குண்டோடு குறைந்த அழுத்தத்தில் வேலை செய்வது. கோன் அரிப்பும் உதைப்பும் பெரிதாக வராது. அந்தத் துப்பாக்கி நடுவில் மடங்கித் திறப்பதால் தேய்மானம் கீழே கீல் ஆணியிலும் மேலே பூட்டுக் கொண்டியிலும் வரும். மூடிய நிலையில் பேரலைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். கொண்டியில் ஆட்டம் தெரிந்தால் ஃபீலர் கேஜ் அளவும் ஒவ்வொரு முறைக்கு ஒன்றாக மாறும்.

ஒரு சிறு நோட்டை துப்பாக்கிப் பெட்டியிலேயே வையுங்கள். தேதி, சுட்ட எண்ணிக்கை, குண்டின் எடை, ஒவ்வோர் அறைக்கும் பின்-அளவு, முன்-அளவு. .44இல் கனத்த குண்டு சுடுபவர்கள் 500 ரவுண்டுக்கு ஒருமுறையும், மற்றவர்கள் ஆண்டுக்கொருமுறையும் எழுதினால் போதும். கன்ஸ்மித்திடம் போகும்போது துப்பாக்கியோடு அந்த நோட்டையும் கொடுங்கள். எந்தத் தோட்டாவுக்கு மாறியபின் 0.002 என்பது 0.004 ஆனது என்று அதிலேயே இருக்கும்.